சாஆவில், வலைக்கூடாரத்துக்கு வெளியே

காலை பத்தே காலுக்குச் சிகாமட் ரயில் நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து வந்த வழியெல்லாம் என் மடியில் ஒரு குளிர்ப்பை, உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சோதனைப் பட்டைகள். நான் மீன் வாங்கிப் போகிறேன் என்று பக்கத்து இருக்கை அம்மாள் முடிவே கட்டிவிட்டார். செடிகளுக்கு வரும் வைரஸைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று விளக்குவதைவிட, ஆமாம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

நிலையத்து வாசலில் குணா காத்திருந்தார். சாஆ என்ற சிற்றூரில் சாலாட் எனப்படும் லெட்டூஸ் கீரை பயிரிடுபவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு மாதமாகத் தொலைபேசியில் மட்டுமே பழக்கம்.

"பசியாறிட்டீங்களா டாக்டர்?"

"ரயில்லயே ஆச்சு."

"அதெல்லாம் கணக்குல வராது. லாபிஸ்ல நிப்பாட்டுறேன்."

சிகாமட்டிலிருந்து சாஆவுக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். பழக்குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், ஊர்வலம் போகவேண்டியதுதான். லாபிஸ் கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் இரண்டரை ரிங்கிட், நல்ல நுரை. அங்கேதான் குணா விஷயத்துக்கு வந்தார்.

"என் சம்சாரம் தேவிக்கு நாலாம் மாசத்துல கலைஞ்சிருச்சு டாக்டர். தீட்டு கழியறதுக்கு முன்னாடியே, வீட்டுல உக்காந்திருக்க முடியாம தோட்டத்துக்குள்ள போயி தண்ணி ஊத்துனா. ஒரு வாரத்துல எலையெல்லாம் கெட்டுப்போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. அவளே சொல்லிக்கிறா, என் கை பட்டுத்தான்னு. அன்னையிலேருந்து உள்ள கால் வைக்கறதில்ல."

"பயிரக் காப்பாத்த முடியாது குணா. நீங்க அனுப்புன படத்தப் பாத்தப்பவே சொன்னேன்."

"பயிர் போனா போவுது லா. என்னா நோவுன்னு பேரு சொல்லுங்க, அவ முன்னாடி சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

என்னை அழைப்பவர்கள் எல்லாரும் மருந்துதான் கேட்பார்கள். செடி வைரஸுக்கு மருந்து கிடையாது என்றதும் முகம் சுருங்கிப்போகும். பெயர் மட்டும் போதும் என்றவரை அன்றுதான் பார்த்தேன்.

நண்பகலில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு வலைக்கூடாரம். "வாங்கக்கா" என்று வரவேற்ற தேவி, வலைக்கதவுக்கு நான்கடி தள்ளியே நின்றுகொண்டாள்.

நான் உள்ளே போனேன். இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தேமல். செடிகள் குட்டையாகச் சுருண்டு நின்றன. இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி. ஒரு துண்டு இலையைக் கிள்ளிக்கொண்டு வெளியே வந்து, தேவியின் எதிரிலேயே நசுக்கிச் சாறெடுத்துப் பட்டையை அதில் வைத்தேன். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வைத்துப் பார்த்தோமே, அதே மாதிரிதான். ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை. இரண்டு விழுந்தால் உண்டு.

இரண்டும் விழுந்தன.

"இது சாலாட் தேமல் வைரஸ்" என்றேன். "வெதையிலேயே வர்றது. மிச்ச வெதைய குணா எனக்கு அனுப்புனாரு. அத கோலாலம்பூர்ல, பூச்சி நுழையாத பெட்டியில போட்டு வளத்தேன். அங்கயும் சில நாத்துல இதே தேமல், இதே ரெண்டு கோடு. அசுவினிதான் ஒண்ணுலேருந்து மத்ததுக்குப் பரப்பிடுச்சு."

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். தேவி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த நாத்த யாருக்கா தொட்டா?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப இங்க... நான் உள்ள போறதுக்கு முன்னாடியே..."

"வெதை போட்ட அன்னைக்கே, தேவி."

அவள் பட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன தடவ ரெண்டு கோடு பாத்தப்ப வீடே கொண்டாட்டமா இருந்துச்சுக்கா" என்றாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "அது ஏன் தங்கலன்னு சொல்றதுக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கா?"

நான் செடிகளுக்குத்தான் டாக்டர். என் பையில் அதற்கு எதுவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியலம்மா. பல சமயம் அந்த டாக்டருங்களுக்கே தெரியறதில்ல. ஆனா உன் கையில ஒண்ணும் இல்ல. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

குணா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, வலையில் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்னக்கா செய்யணும்?"

"எல்லாத்தையும் புடுங்கிக் குழியில போட்டு மூடணும். ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. வேற வெதை வாங்கணும்."

அவள் கூந்தலை அள்ளி முடிந்தாள். வலைக்கதவைத் திறந்தாள். ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அலுத்துக்கொள்ளும் குரல் வந்தது.

"அலமாக், அங்கயே நின்னு என்னாங்க பாக்குறீங்க? வந்து வேரோட இழுங்க!"

குணா ஓடினார். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன்.

மாலை ஐந்தரைக்குச் சிகாமட்டில் ரயில் ஏறினேன். இப்படிப்பட்ட பயணங்களிலிருந்து திரும்பும்போது எனக்கு மனசு கனக்கும். ஒருவருடைய உழைப்பையெல்லாம் பிடுங்கிப் புதைக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் வீடு திரும்புகிறேனே என்றிருக்கும். அன்று அப்படி இல்லை. இடுப்பு வலித்தது, நகக்கண்ணில் மண் இருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பாத்திக்கு வந்தபோது தேவி எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்த அத்தனை செடியையும் அவளே தன் கையால் பிடுங்கினாள்.