ஊதா ஸ்வெட்டர்

அந்தத் தெருவில் அவருக்குக் கலர்காரர் என்று பெயர். ஸ்டூடியோ வைத்திருக்கிற எவருக்கும் கலர் முக்கியம்தான். இவருக்கு அதுவே மூச்சு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரை உட்காரவைத்துவிட்டு, தன் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் அருமை பெருமைகளை அளக்க ஆரம்பித்துவிடுவார். அதுவும் டிஜிட்டல்தான், டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கிய காலத்தில் வாங்கியது. சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ்.

"இப்ப வர்ற கேமராவெல்லாம் முகத்துக்கு மாவு பூசிவிடுது சார். இதுல தோலு தோலாவே விழும். இத்தனை வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல" என்பார். கேட்டவருக்குப் பஸ் போய்விடும்.

அந்தக் கேமராவுக்கு ஒரு கோளாறு உண்டு. அதை மட்டும் வாய் தவறியும் சொல்லமாட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் அந்தக் கேமரா சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதனால் நைலான், பாலியஸ்டர் துணிகளின் கறுப்பு ஊதாவாக விழும். லென்ஸுக்கு முன்னால் அதற்கென்று ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தார். அது விழுந்து உடைந்தது, வேறு கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் கோட்டுகளைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கிக் கொடுத்துச் சமாளித்தார். வீட்டுப் படங்களை யார் உட்கார்ந்து திருத்துவது?

மாமனார் அவரோடும் மனைவியோடும்தான் இருந்தார். ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த மனிதர். மாப்பிள்ளைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கேமரா கதையை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஒருநாள் காலை, மகள் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மனைவி தெருத்தெருவாகத் தேடி ஓட, கலர்காரர் கைக்குக் கிடைத்த வீட்டுப் படத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"இதே ஸ்வெட்டர்தான் போட்டிருக்காரா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"எப்பவும் இந்த நைலான் ஸ்வெட்டர்தான் சார்."

"ஊதா. சரியா?"

அவர் படத்தைப் பார்த்தார். "ஆமா சார், ஊதா."

அந்த அடையாளம்தான் எல்லா இடத்துக்கும் போனது. பஸ் நிலையத்தில் மைக்கில் சொன்னார்கள். கலர்காரரும் அங்கே போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டத்தில் ஊதாவைத் தேடினார். ஊதா இல்லை என்றதும் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்த நிலையத்தின் கடைசிப் பெஞ்சில், மழையில் நனைந்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தவரைக் கண்டுபிடித்தார்கள்.

"நேத்தே பாத்தேம்மா" என்று மனைவியிடம் சொன்னாள் டிக்கெட் கவுன்ட்டர் பெண். "மைக்குல ஊதான்னு சொன்னாங்க. இவரு கறுப்புல இருந்தாரு. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது. நர்ஸ் கொடுத்த துணிப்பையைப் பிரித்து மனைவி ஸ்வெட்டரை வெளியே எடுத்தாள்.

"ஊதான்னு யாருங்க சொன்னது?"

"நான்தான்."

"தெனமும் உங்க எதிர்லதானே உக்காந்திருந்தாரு?"

"ஆமா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அழுகையும் வரவில்லை, குற்றம் செய்தோம் என்ற உறுத்தல்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டூடியோவைத் திறந்தார், போட்டோ எடுத்தார், மீதிச் சில்லறை கொடுத்தார். வந்தவர்கள் சரியான நேரத்துக்குப் பஸ் பிடித்தார்கள்.

ஒருநாள் மனைவி ஸ்டூடியோவுக்கே வந்தாள். "அப்பா படத்தைப் பெருசா போட்டுக் குடுங்க. கூடத்துல மாட்டணும்."

அந்தப் படத்தைத் திரையில் திறந்தார். "ஒரு நிமிஷம் இரு, ஸ்வெட்டரைக் கறுப்பாக்கிடறேன்."

"வேண்டாம்" என்றாள். "நீங்க அவரைப் பாத்தபடியே இருக்கட்டும்."

எதையும் திருத்தாமல் அச்சுக்குக் கொடுத்தார். மை காயும்வரை இருவரும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.