ரசம் என்று சொன்ன மீசைக்காரர்

நான்கு சுடிதாருக்கு ஆன்லைனில் பணம் கட்டி, பார்சலைப் பிரித்தால் ஒரு கட்டம் போட்ட லுங்கி வந்ததே, அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சு செல்லாக்காசு. வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டியறியாத என் கணவர், அந்த லுங்கியை மட்டும் ஞாயிறுதோறும் கட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டித் தொலைத்தாலும் பரவாயில்லை. இன்னொரு தடவை ஏமாந்தேனோ, இந்த லுங்கி என்னைக் காலத்துக்கும் விடாது.

அதனால் என் ஒன்பது கஜம் புடவையை விற்கப் போனில் படம் போட்டபோது பெருமாளை வேண்டிக்கொண்டுதான் போட்டேன். அரக்குக் கரை, நல்ல கெட்டித் துணி. ஒரு கல்யாணத்துக்கு மடிசார் கட்டிக்கொண்டதோடு சரி. பீரோ கதவு மூட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே மெசேஜில் ஒரு ஆள் வந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள். படத்தில் புல்லட்மேல் உட்கார்ந்த பெரிய மீசை. "புடவை இருக்குங்களா?" இருக்கு என்றேன். "இதுல மேல் பக்கம் எதுங்க, கீழ் பக்கம் எதுங்க?" சொன்னேன். "எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?" புடவை வாங்குகிறவர் கேட்கிற கேள்வியா இது? விலையைப் பற்றி மூச்சே இல்லை. பேரம் பேசாமல் புடவை வாங்குகிற ஜீவனைத் திருச்சி ஜில்லாவில் நான் பார்த்ததில்லை. கடைசியாக வந்தது குண்டு: "கட்டுற மாதிரி ஒரு வீடியோ அனுப்ப முடியுங்களா?"

போனைக் கணவரிடம் நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"புல்லட்ல போற தடியனுக்கு மடிசார் எதுக்குடி? பிளாக் பண்ணு."

"மாமியார் வீடு ஸ்ரீரங்கம்தான்னு எழுதியிருக்கே, பாருங்கோ."

"அப்படியா? ரசத்துக்கு என்ன பேர்னு கேளு. வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்."

எங்கள் ஐயங்கார் வீடுகளில் ரசத்தை ரசம் என்று சொல்வதில்லை, சாத்தமுது. கேட்டேன். உடனே பதில்: "ரசம்னுதாங்க சொல்லுவோம். ஏங்க, புடவையில ரசம் கொட்டியிருக்குங்களா?"

கணவர் கைதட்டினார். எனக்கோ அந்த இடத்தில்தான் நம்பிக்கை பிறந்தது. ஏமாற்ற வந்தவன் நெட்டில் தேடிப் பார்த்து, சாத்தமுது, பாயசத்துக்குத் திருக்கண்ணமுது என்று ஒப்பித்திருப்பான். இவ்வளவு அப்பாவியாக மாட்டிக்கொள்ள நல்லவர்களால்தான் முடியும். இதைச் சொன்னால் அவர் கேட்டால்தானே?

"சுடிதார் கடைக்காரனையும் இப்படித்தான் நம்பினே."

சுருக்கென்று கோபம் வந்தது. "வீடியோ அனுப்பத்தான் போறேன்" என்றேன்.

"எவனோ உன்னைப் பாக்கறதுக்கா?" சற்று யோசித்தார். "கழுத்துக்குக் கீழ தெரிஞ்சாப் போறுமே. நான் நிக்கறேன். பஞ்சகச்சம் கட்டின இடுப்புதானே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் நிஜமாகவே வந்து நின்றார். என் ரவிக்கை அவர் முழங்கையைத் தாண்டவில்லை. மார்கழிக்கு நான் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் பச்சை ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தேன். அந்தத் தொப்பையைச் சுற்றி வருவதற்குள் ஒன்பது கஜமும் திணறிவிட்டது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அம்சமாகத்தான் இருந்தார். சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

"ரொம்ப நன்றிங்க! நாளைக்கே வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறோம்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் மீசை இறங்கியது. அது கைகொடுக்க, வாயும் வயிறுமாக ஒரு சின்னப் பெண் மெல்ல இறங்கினாள். போன் புருஷனுடையது, கேள்விகளெல்லாம் அவளுடையவை. துறையூர்ப் பெண், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையனோடு காதல் கல்யாணம். வருகிற ஞாயிறு சீமந்தம். மடிசார் கட்டத் தெரியுமா என்று மாமியார் கேட்டதற்கு, ஓ தெரியுமே என்று வீம்பாகச் சொல்லிவிட்டாளாம்.

"இப்பப் போயி தெரியாதுன்னு சொன்னா மானம் போயிடும் மாமி. சீமந்தப் புடவை அவங்க எடுத்து வச்சிருக்காங்க. கட்டிப் பழகத்தான் ஒண்ணு தேடினேன். நெட்ல எல்லாரும் கடகடன்னு கட்டுறாங்க. உங்க வீடியோவிலதான் புரிஞ்சுது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் ஏமாறவில்லை! இதைக் கணவர் காதில் விழும்படி இரண்டு தரம் சொல்ல வைக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் கவலையாகக் கேட்டாள்: "ஆமா, உங்களுக்கு உடம்புக்கு என்ன மாமி? இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க. கால் கட்டைவிரல்ல கட்டு வேற."

குனிந்து என் காலைப் பார்த்தாள். ஒரு கட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் கணவர் காபித் தட்டோடு உள்ளிருந்து வந்தார், முந்தின வாரம் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் இடித்துக்கொண்ட கட்டைவிரலில் வெள்ளைக் கட்டோடு.

அவள் கட்டைப் பார்த்தாள். தொப்பையைப் பார்த்தாள். மீசை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கியது.

"ரொம்ப நல்லா இருந்தீங்க மாமா" என்றாள் அவள்.

"கட்டினது அவ. நான் சும்மா நின்னேன்" என்றார் இவர், தட்டைக் கீழே வைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் படம் வந்தது. கச்சம் இம்மிகூடப் பிசகவில்லை. பக்கத்தில் மாமியார், வாயெல்லாம் பல். காட்டலாம் என்று கணவரைத் தேடினேன். வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"லுங்கி எங்கே?"

"அதையும் போட்டோ எடுத்து வித்துடேன்" என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"விக்கறேன். கட்டிக் காட்டச் சொன்னா, வந்து நிப்பேளோன்னோ?"