மாதேஷ் பெயரில் ஒரு எக்ஸ்ரே

ஆறடி ஐந்து அங்குலம் வளர்ந்தவனுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்பதை ஊர் நம்பாது. காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாரப்பனின் மகன் மாதேஷைப் பார்க்கிறவர்கள், "இவனுக்கென்னப்பா, ஆளைப் பார்த்தாலே எதிராளி ஓடிடுவான்" என்பார்கள். பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்கிற, சொந்த வீட்டு வாசற்படியில் வாரம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்கிற அந்த நெட்டை உடம்பு முழுக்கப் பயம்தான் இருந்தது.

பதின்மூன்று வயதில் உயரத்தைப் பார்த்து விளையாட்டு விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு வருஷம் அங்கே பந்தும் கையுமாக இருந்தான். இருபத்தோராவது வயதில் கோவையில் புதிதாகத் தொடங்கிய தொழில்முறை கூடைப்பந்து அணி ஒன்று அவனை ஒரு பருவத்துக்கு எடுத்தது. எடுத்த அன்றே கோச் அவன் வேலையைச் சொல்லிவிட்டார்.

"நடுவுல ஆடுற பெரிய ஆள் மூச்சு வாங்க உட்காருவார். அந்த ஆறு நிமிஷம் உன்னுது. எகிறி விழுற பந்தைப் பிடி, பக்கத்துல இருக்கறவனுக்குக் கொடு, கூடைக்குக் கீழ இடத்தை அடைச்சு நில்லு. கூடையில போடுற வேலையெல்லாம் உனக்கு வேணாம்."

நாற்பது நிமிஷ ஆட்டத்தில் ஆறு நிமிஷம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வந்தவனுக்கு அந்த ஆறு நிமிஷத்தில்தான் அடுத்த வருஷச் சோறு இருக்கிறது. அதற்கே பெஞ்சுக்குப் பின்னால் இன்னொருவன் காத்துக்கொண்டிருந்தான்.

பருவம் தொடங்குவதற்கு முன்னால் அணி தருமபுரிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் உள்ளரங்கில் ஒரு மாதம் பயிற்சிக்கு வந்து இறங்கியது. சொந்த மாவட்டம் என்று மாதேஷ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது வாரத்தில் முழங்கால் இறுக ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மடங்காது. அறையில் கூட இருப்பவன் முழிப்பதற்குள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குளியலறையில் வெந்நீரை ஊற்றி ஊற்றிக் காலைப் பழக்குவான். யாராவது கேட்டால், "சீக்கிரம் குளிச்சாத்தாங்க எனக்கு நல்லாருக்கும்" என்று ஒரு பொய்.

அவன் பயந்தது வலிக்கு அல்ல, அப்பாவை நினைத்து. மாரப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். கட்டிலை விட்டு எழவே கால் மணி நேரம் ஆகும். கழுத்து திரும்பாது, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். முதுகு கவிழ்ந்துபோய், நிற்கும்போதும் எதையோ தரையில் தேடுகிறவர் போலவே இருப்பார். எல்லாம் போர்வெல் தண்ணீரில் இருந்த ப்ளோரைடு செய்த வேலை. அந்தப் பக்கத்தில் பல்லைக் காவி ஆக்குவது அதுதான், எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வதும் அதுதான். மாதேஷுக்கும் பல் காவிதான். அணியின் போட்டோவில் அவன் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பான். 'பல்லுக்கு வந்தது முட்டிக்கும் வந்துடுச்சு' என்று அவனே முடிவு செய்துகொண்டான். எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே!

அந்த வேளையில்தான் அணியின் பிசியோ நிர்மலாதேவி, புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னாள். முழங்கால், முதுகு. மாதேஷ் வந்தபோது அவன் வாயை ஒருமுறை பார்த்தாள். "உனக்கு முன்கையும் சேர்த்து எடு" என்று சீட்டில் தனியாக எழுதினாள். பல்லைப் பார்த்துத்தான் எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஊருக்குப் போனான். அங்கே அவனுக்கு ஒரே கூட்டாளி அன்பு. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒன்றாகப் பந்து ஆடியவர்கள். அன்பும் ஆறடிக்கு மேல். சந்தையில் புளி மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை; எண்பது கிலோ மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கி லாரியில் எறிவான். ஒருநாள் கூட இங்கே வலிக்கிறது என்று அவன் சொல்லி மாதேஷ் கேட்டதில்லை.

"எனக்குப் பதிலா நீ போய் நிக்கிறியாடா?" என்றான் மாதேஷ்.

அன்பு சிரித்தான். "எக்ஸ்ரேதான? பேரு மாதேஷ்னு சொல்லணும், அவ்ளோதான? ஒரு பிரியாணி வாங்கிக் குடு, ரெண்டு தடவை கூட நிக்கறேன்."

ஸ்கேன் சென்டரில் பெயரைக் கேட்டார்கள், வயதைக் கேட்டார்கள், மூச்சை அடக்கச் சொன்னார்கள். மாதேஷ் எதிர்ப்பக்க டீக்கடையில் ஒளிந்து நின்றான். அன்பு பெரிய கவரை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தான் மகா கெட்டிக்காரன் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான், பாவி. கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நிர்மலாதேவி படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முழங்காலைப் பார்த்தாள். முதுகை இரண்டு முறை பார்த்தாள். முன்கைப் படத்தை எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை.

"இங்க வா. இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல முள்ளு முள்ளா இருக்கு பார். அங்க சதை நாரு மட்டுந்தான் இருக்கணும். அதுவும் எலும்பா மாறிக்கிட்டு வருது. முதுகுலயும் ஆரம்பிச்சிருக்கு. ப்ளோரைடு."

இவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று மாதேஷுக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது.

நிர்மலாதேவி படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ பதிமூணு வயசுல விடுதிக்குப் போயிட்டே. எட்டு வருஷமா வேற ஊர்த் தண்ணி. அதுக்கு முன்னாடியே உங்க ஊருக்குக் குழாய்ல ஒகேனக்கல் ஆத்துத் தண்ணி வந்துடுச்சுன்னு நீயே சொல்லியிருக்கே. அந்தப் பழைய போர் தண்ணிய இன்னிக்கு வரைக்கும் குடிக்கிற ஆளோட எலும்பு இது. யாரோடது?"

ஒகேனக்கல் குழாய் ஊருக்குள் வந்தது உண்மைதான். ஆனால் அது கடைசித் தெருவோடு நின்றுவிட்டது. அன்புவின் வீடு அதற்கும் அப்பால், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொல்லைக்காட்டில் இருந்தது. அங்கே இன்னும் பழைய போர்தான். எத்தனை முறை அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறான்! மூட்டை தூக்குகிற தோளைப் பார்த்தானே தவிர, குடிக்கிற சொம்பை அவன் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. அவனை மேஜையில் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். அலறினான். "குதிச்சு இறங்குறப்ப முட்டிய மடக்காம இறங்குறே. முட்டிக்குக் கீழ நாரு வீங்கியிருக்கு. பத்து நாள் ஓய்வு, கொஞ்சம் பயிற்சி. எனக்கு இதான் தோணுது. எதுக்கும் இன்னிக்கே உன்னையே எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்." மத்தியானம் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. இத்தனை நாளாக வெந்நீரில் கரைத்த பயம் ஒன்றுமில்லாததற்கு.

கோச்சுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள், சொன்னாள். முதல் ஐந்து ஆட்டத்துக்கு அவனுடைய ஆறு நிமிஷம் பின்னால் காத்திருந்தவனுக்குப் போனது. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் கோச், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரு வாரம் முன்னால் என்றால் மாதேஷ் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். இப்போது அவனுக்கு அது காதில் ஏறவில்லை. கல்லூரி கேட்டில் காத்திருக்கிற அன்புவிடம் எப்படிச் சொல்வது என்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கேட்டுக்கு வெளியே அன்பு பைக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். மூட்டை வேலை முடித்து நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் புளித்தூசி.

"என்னாடா, பாஸ் ஆயிட்டோமா?"

மாதேஷ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். முள்ளைச் சொன்னான், முதுகைச் சொன்னான், தண்ணீரைச் சொன்னான். மேடம் அவனைக் கூட்டிவரச் சொன்னதையும், இப்போதே தண்ணியை மாற்றினால் இதுக்கு மேல் முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றதையும் சொன்னான். "தப்புப் பண்ணிட்டன்டா" என்றான்.

அன்பு தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தான், அணைத்தான், மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

"வர்றன்டா, உங்க மேடம்கிட்ட நாளைக்கு வர்றன். மொதல்ல வூட்டுக்குப் போவணும்" என்றான். "தங்கச்சிக்கு எட்டு வயசுதான்டா ஆவுது. அது இந்நேரம் ஸ்கூல்ல இருந்து வந்து தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கும்."

மாதேஷ் பின்னால் ஏறிக்கொண்டான். அன்பு இதற்கு முன் அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டியதில்லை. போதாது என்றுதான் மாதேஷுக்கு இருந்தது.