மரத்தடி மழைமானி

1. தலவாக்கலைத் தேயிலைத் தோட்டமொன்றின் பதிவுகளில் மழை வருடாவருடம் குறைவதைக் கண்டேன்.
2. இந்து சமுத்திரம் சூடாவதே காரணம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினேன்.
3. அதை நம்பி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன்.
4. நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள்தான் அந்தத் தோட்டத்து மழைமானியை முதன்முறையாகப் பார்க்கப் போனேன்.

சவுக்கு மரக் கிளைகள் மழையை மறைத்து அதன்மேல் கவிந்திருந்தன. தினமும் அளவெடுக்கும் ராணி என் வயதுக்காரி.

“மழ கொறையலங்க மிஸ். மரந்தான் வளந்திருச்சு” என்று சிரித்தாள்.

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரு கேட்டா? அளவு எழுதுன தாள மட்டுந்தானே வாங்கிட்டுப் போவீங்க.”

நான் சொல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கைபேசியைக் கையிலேயே பிடித்திருந்தேன். பிறகு என் பேராசிரியரை அழைத்துச் சொன்னேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன், பதவி கிடைக்கவில்லை. அங்கே உண்மையில் மழை குறைகிறதா என்பது இன்னும் எனக்குத் தெரியாது.