முப்பத்தொன்றாம் நம்பரில் ஐந்து தையல் மெஷின்

சென்ற மாதம்தான் எனக்கு அந்த விஷயம் தெரியவந்தது. என் வீட்டு மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து தையல் மெஷின்கள் ஓடுகின்றன!

நம்பாமல் மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி, கால் உடைந்த நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நோட்டீஸ் சத்தியம் செய்கிறதே… பெயர் எஸ்.நெல்லையப்பன். அடியேன்தான். கதவு எண் முப்பத்தொன்று. எங்கள் தச்சநல்லூரைக் கார்ப்பரேஷனில் சேர்த்த பிறகு கொடுத்த புது எண்! பரவாயில்லையே, புது நம்பரைக்கூட உடனே மாற்றிவிட்டார்களே என்று முதலில் பாராட்டவும் செய்தேன்.

வீடு பேங்க் கடனில் கட்டியது. வருஷா வருஷம் வீட்டை இன்ஷூர் செய்து ரசீதைக் காட்ட வேண்டும் என்பது பேங்கின் கட்டளை. காட்டிவிடுவேன். நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று… உங்களிடம் என்ன மறைப்பது, ஒரு வருஷமும் படித்ததில்லை. கடைசி வரியில் இருக்கும் தொகையைப் பார்ப்பேன், கட்டுவேன். இந்தத் தடவை அந்தத் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதனால்தான் படிக்கவே உட்கார்ந்தேன்.

படித்தால் புரிய வேண்டுமே! மூன்றாவது கார்பன் காப்பி. ஒரு வரியில் கூட்டுகிறார்கள், அடுத்த வரியில் கழிக்கிறார்கள், அதற்கடுத்த வரியில் 'லோடிங்' என்கிறார்கள். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கியவன் நான். நாலு தடவை படித்தும் புரிந்தது கொட்டகையும் மெஷினும் மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மேனேஜருக்குக் கடிதம் – ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். 'தாங்கள் நேரில் வந்து அந்த ஐந்து மெஷின்களையும் காட்டினால், ஒன்றில் என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொள்வேன்' என்று முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்கே ஒரு பெருமை. பதில் வராமல் ஒரு பைசா கட்டுவதில்லை என்று சபதமும் போட்டுவிட்டு, உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மெட்ராஸ் போனேன். கல்யாணம், கோயில், கடற்கரை என்று பத்து நாள் ஓடிவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, ஐப்பசி மழை. எங்கள் வீடு வாய்க்கால் ஓரம். சில வருஷம் முன்பு ஆறு கரை புரண்டபோது முன்னறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நல்லவேளை, சுவர் நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள். "ஏங்க, லெட்டர் போட்டீய, சரி. வீட்டுக்குப் பணம் கட்டினீயளா?"

"பதில் வரட்டும்னு இருக்கேன்."

"வாய்க்கால் தண்ணியும் உங்க பதில் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமாக்கும்?"

நோட்டீஸை எடுத்துக் கெடுவைப் பார்த்தேன். இரண்டு நாள் தாண்டியிருந்தது. கடன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. சுவர் விழுந்தால் பேங்க் விடுமா? சபதம் போட்டவன் வீட்டில் தண்ணீர் நுழையாது என்று எந்தப் பாலிசியிலாவது எழுதியிருக்கிறதா?

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜங்ஷனில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"எஸ்.நெல்லையப்பன்… வாய்க்கால் ஓரத்து வீடுதானே? கட்டியாச்சே சார்."

"நான் கட்டலியே!"

"நீங்க கட்டல. ஒரு அம்மா வந்து கட்டுனாக, கெடு முடியுத அன்னைக்கு. ரெண்டு நெல்லையப்பனுக்கும் சேத்து."

இரண்டு நெல்லையப்பனா? ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் சுவாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்காத வீடு எத்தனை? ரத வீதியில் நின்று 'நெல்லையப்பா' என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்புவார்கள். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் அதிசயம். எங்கள் தெருவில் மொத்தம் முப்பத்தெட்டு வீடு. கார்ப்பரேஷன்காரர்கள் புது நம்பரை மறு கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் பழைய எட்டு முப்பத்தொன்று ஆனது. அந்தக் கோடியில் இருந்த பழைய முப்பத்தொன்று எட்டு ஆனது. அங்கே இருப்பவரும் எஸ்.நெல்லையப்பன். அவருக்கும் அதே பேங்க், அதே மாதம். ஆபீஸ் பதிவேட்டில் இருப்பதோ பழைய எண்கள். தபால்காரரும் ஊருக்குப் புதுசு. பெயரும் நம்பரும் பொருந்தினால் அவர் போடாமல் என்ன செய்வார்?

"உங்க கையில இருக்கது அவுக நோட்டீஸ் சார்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பட்டன் லெட்டர் நீங்க எழுதினதுதானா? மேனேஜர் ரொம்ப ரசிச்சாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவருடைய நோட்டீஸை மூன்று வாரம் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். அவர்களும் என்னைப் போலச் சும்மா இருந்திருந்தால்?

நேரே தெருவின் மறு கோடிக்குப் போனேன். ஆறு வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். என் கால் ஜங்ஷன் பக்கம்தான் போகும். அந்தக் கோடியைப் பார்த்ததே இல்லை. மாடியில் ஓலைக் கொட்டகை. உள்ளே கடகடவென்று மெஷின் சத்தம். எண்ணிப் பார்த்தேன்… ஐந்து!

கழுத்தில் டேப்போடு ஒரு பெண் எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கோமதி. கணவர் நெல்லையப்பனுக்குப் பம்பாயில் மளிகைக் கடை வேலை. இங்கே இவரும் நாலு பெண்களுமாக ஜாக்கெட், பாவாடை தைக்கிறார்கள். நான் மன்னிப்புப் புராணத்தை ஆரம்பித்தேன்.

"மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி. நானே ஞாயித்துக்கிழம வரணும்னு இருந்தேன். ரெண்டு மட்டம் வந்தேன், பூட்டிக் கிடந்துச்சு. பக்கத்து வீட்ல கேட்டா, கல்யாணத்துக்குப் போயிருக்காக, எப்ப வருவாகன்னு தெரியாதுன்னாக."

"நோட்டீஸைக் கதவிடுக்குல போட்டிருக்கலாமேம்மா?"

"மழையில நனைஞ்சு போச்சுன்னா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. "பேரும் நம்பரும் உங்க வீட்டு மாதிரியே இருந்திருக்கும். உங்களுது இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

கோமதி ஒரு பழைய துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே முந்தைய வருஷங்களின் நோட்டீஸ்கள் எல்லாம் வரிசையாகப் பின் குத்தி இருந்தன.

"இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் அண்ணாச்சி. ஆனா அளவு தெரியும்லா? இது சுவரு. இது கொட்டக – ஓலைங்கதால கூடப் போடுதாக. இது மெஷினு. இது வெள்ளம். இது பேங்க் பேரு. ஒரு ஆளு சட்டையை இன்னொரு ஆளுக்குப் போட்டா தெரியாதா? வந்ததுல கொட்டகயும் இல்ல, மெஷினும் இல்ல. அப்பமே தெரிஞ்சு போச்சு. பழைய எட்டாம் நம்பரு எதுன்னு விசாரிச்சா, உங்க வீடு."

மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியின் தூள் ஒட்டிய அந்த விரல் ஒவ்வொரு வரியாக இறங்க, எனக்கு நாலு தடவை படித்தும் விளங்காத நோட்டீஸ் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. எனக்கு வந்ததும் அதே சாட்சியம்தானே? இல்லாத கொட்டகை, இல்லாத மெஷின். பொருந்தாத நோட்டீஸைப் பார்த்ததும் அவருக்கு 'இது வேற ஆளுது' என்று தோன்றியது. எனக்கு 'உலகமே முட்டாள்' என்று தோன்றியது!

"உங்களதைக் கட்டினீங்க, சரி. என்னோடதை ஏம்மா கட்டினீங்க?"

கோமதி டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எங்க அப்பா வீடு முக்கூடல்ல, ஆத்தங்கரையில அண்ணாச்சி. லோன் போட்டுக் கட்டுனது. அந்த வெள்ள வருஷம் நோட்டீசு வரல. வரட்டும், கட்டுவோம்னு இருந்தாக. கெடு தாண்டி ரெண்டு நாளு. மூணாம் நாளு ஆறு உள்ள வந்துட்டு. வீடு போச்சு, லோன் மட்டும் நின்னுச்சு. இல்லாத வீட்டுக்கு அப்பா இன்னும் மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்காக." குரல் இறங்கியது. "அதுல இருந்து நான் நோட்டீசுக்குக் காத்திருக்கதே இல்ல. போன வருஷ ரசீதக் கொண்டு போய்க் கட்டிருவேன். அன்னைக்கு என்னுதைக் கட்டிட்டு, கையில உங்களத வச்சுக்கிட்டு நிக்கேன். அப்படியே திருப்பி எடுத்துட்டு வர மனசு வரல."

"நான் யாருன்னே தெரியாதே. பணத்தைத் திருப்பித் தரலேன்னா?"

"ரூவா போனா வரும் அண்ணாச்சி. தேதி போனா வருமா?"

பணத்தை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னேன்.

"இன்னொண்ணு சொல்லணும். தப்பா நெனைக்கக் கூடாது" என்று துணிப்பைக்குள் கை விட்டார் கோமதி. "உங்களுதுல வெள்ளத்துக்குன்னு ஒரு வரியே இல்ல. நான் கட்டுனது நெருப்புக்கு மட்டுந்தான். வாய்க்கால் ஓரத்து வீடாச்சேன்னு சேக்கச் சொன்னேன். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னுட்டாக. அப்ளிகேசன் பாரம் வாங்கி வச்சிருக்கேன். இன்னைக்கே கொடுத்துருங்க, மேகம் கூடியிருக்கு."

ஆறு வருஷம்! தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு நெருப்புக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன். அந்த வெள்ளத்தில் என் சுவர் விழுந்திருந்தால் முக்கூடல் கதைதான் எனக்கும். இதைக் கண்டுபிடித்தது பேங்க் அல்ல, கம்பெனி அல்ல, வீட்டுக்குச் சொந்தக்காரனும் அல்ல. தெருக் கோடியில் ஜாக்கெட் தைக்கும், அன்றுவரை எனக்கு முகம் தெரியாத ஒரு பெண்.

பாரத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தேன். புரியாத இடத்தில் வெட்கப்படாமல் கேட்டேன். கோமதி சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

எத்தனையோ பத்திரங்களில், பாரங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்… படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது அது ஒன்றுதான்!