பனிக்குக் கொடுத்த காணி

மொன்றியலில் பனியைக் கொட்டுவதற்கென்றே காணிகள் இருக்கின்றன. தெருக்களில் வழித்த பனியை லொறி லொறியாகக் கொண்டுவந்து மலைபோலக் குவிப்பார்கள். மே மாதம் வரைக்கும், சில இடங்களில் ஜூன் வரைக்கும், அது கறுத்துக் கிடந்து மெல்ல மெல்லக் கரையும். யாரும் அதை எழுப்பி அனுப்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நான் கொங்கிறீட் போட்ட ஒரு காணியும் கடைசியில் பனிக்குத்தான் போனது. ஐந்து குடும்பங்கள் ஒரு கோடைகாலம் தங்குவதற்காகப் போட்ட கொங்கிறீட் அது. அவர்கள் ஒரு நாள்கூட அங்கே தங்கவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மன்னாரிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மொஸ்கோ, பிறகு ஜெர்மனியில் இரண்டு அகதி முகாம்கள் என்று வந்த வழியில் மொன்றியல் எனக்கு ஆறாவதோ ஏழாவதோ இடம். ஒரு விலாசத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. இருக்க முடியாததால் சில இடங்களை விட்டேன், இருக்கப் பிடிக்காததால் சில இடங்களை. அப்போது பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு கிரேக்கக்காரரின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தேன். இங்கே வந்து கழிந்த இரண்டு குளிர்காலமும் உணவகங்களில் கோப்பை கழுவியே போயிருந்தது. மண்வெட்டி பிடிக்கிற வேலை இந்த நாட்டில் எனக்கு அந்தக் காணியில்தான் முதல் தடவை.

வேலைக்கு எடுத்தவர் எங்கள் பக்கத்து ஆள். மாதா கோயிலில் பழக்கம். வேலி, கொங்கிறீட், சரளைக்கல் என்று சின்னச் சின்னக் கொந்திராத்துகள் எடுப்பார். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மொன்றியல் தீவின் ஓரத்தில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம், அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. அண்ணை வீடு வாங்கியிருந்ததும் அதே நகராட்சியில்தான்.

வேலை இதுதான். ஒவ்வொரு கோடையும் அந்தப் பக்கம் ஐந்து குடும்பங்கள் வண்டிவீடுகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஊர் அவர்களை ஜிப்ஸிகள் என்றது; அவர்கள் தங்களை ரோமா என்றார்கள். ஆண்கள் வீட்டு வாசல்களில் கார் நிறுத்தும் பாதைகளுக்குத் தார் பூசுவார்கள். கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் தங்குவார்கள், பொலிஸ் வந்து கிளப்பும், அடுத்த இடத்துக்குப் போவார்கள். இந்தத் துரத்தலில் களைத்துப்போன நகராட்சி, அக்டோபர் வரை அவர்கள் தங்கிப்போக ஒரு தற்காலிக இடம் அமைப்பதென்று முடிவெடுத்தது. ஐந்து வண்டிகளுக்குச் சரளைத் தளம், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறை, சுற்றி வேலி. வேலை முடியும் வரை பக்கத்தில் மூடிக்கிடந்த தொழிற்சாலையின் முற்றத்தில் அவர்கள் நிற்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

வரைபடம் போட்ட பொறியியலாளரும் தமிழர். சென்னைக்காரர், வந்து இருபது வருடத்துக்கு மேல். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சிலோனாப்பா?"

"ஓம் சார்."

"இந்த 'ஓம்' கேட்டாலே யாரோ பூஜை ஆரம்பிக்கிற மாதிரி இருக்குப்பா!"

அவரே சிரித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். எனக்குத் தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தவர். அதனால்தான் அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகாமல் இருக்கிறது.

காணியின் நடுவில் ஒரே கொங்கிறீட் மேடை. அதன் ஒரு நுனியில் தண்ணீர்க் குழாய், மறு நுனியில் இரண்டு கழிப்பறை. இரண்டுக்கும் இடையே நாலு எட்டு நடைதான். இயந்திரம் வந்து ஆளுயரத்துக்கு ஓடை வெட்டித் தந்தது. நாங்கள் குழாய்களை இறக்கி, மூடி, மேடை போட்டோம். ஏன் இவ்வளவு ஆழம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கழிவு போகிற குழாய், ஆழமாகத்தான் போகவேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மேடை காய்ந்த அன்று, முற்றத்தில் நின்ற வண்டிகளிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஆறேழு வயது மகளை இடுப்பில் சுமந்திருந்தாள். பிள்ளையின் வலது கால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவளுடையது என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம்.

"இது என்ன?"

"தண்ணி."

"அது?"

நான் சொன்னேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். அவளுடைய வண்டிக்கு வெளியே மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. முகம் கழுவ ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று, துணிக்கு ஒன்று. ஒன்றின் தண்ணீர் மற்றதில் படாது. இடுப்புக்குக் கீழே பட்ட எதுவும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. வண்டிக்குள்ளே கழிப்பறை இருந்தாலும் அதைப் பூட்டித்தான் வைப்பார்களாம்.

"அந்தக் குழாயில் நாங்கள் குடித்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். என் புருஷனும் அவன் அண்ணன்களும் நாளைக்கே வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம் என்கிறார்கள்."

"கட்டினால்?"

அவள் மகளின் மாவுக்கட்டைக் காட்டினாள். அந்தக் காலுக்கு ஒரு சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. இரண்டாவதை இந்தக் கோடைக்குள் செய்யாவிட்டால் எலும்பு கோணியபடியே ஒட்டிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்கான நாள் கடிதத்தில் வரும். கடிதம் வர ஒரு விலாசம் வேண்டும். தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இந்தக் காணி திறந்தால் ஒரு இலக்கமும் தபால்பெட்டியும் தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது. மற்றவர்களுக்கு இது வண்டி நிறுத்துகிற இடம். அவளுக்கு இது விலாசம்.

தண்ணீரைப் பற்றி அவள் சொன்னது எனக்கு விளங்குவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எங்கள் வளவுகளில் கிணறு ஒரு மூலை, கக்கூஸ் எதிர் மூலை. ஜெர்மனி முகாமில் கழிப்பறைக்குள் இருந்த குழாயில்தான் ஐந்து மாதம் குடித்தேன். வேறு வழி இல்லாததால் குடித்தேன். வழி இருக்கிற இடத்தில் இன்னொருவரை ஏன் அப்படிக் குடிக்கச் சொல்லவேண்டும்?

பொறியியலாளர் வந்தபோது சொன்னேன்.

"சார், பைப்பை அந்த மூலைக்குக் கொண்டுபோகேலாதோ? அந்தச் சனம் இதிலை குடியாதாம்."

"ஏன்பா? சீல் பண்ண பைப்பு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. சயின்ஸ் தெரியாம பேசுறாங்க."

"உங்கட வீட்டிலை கக்கூசுக்குப் பக்கத்திலை அடுப்பு வைப்பியளோ சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் வரைபடத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார்.

"இங்க பாருப்பா. ரெண்டு ட்ரெஞ்ச் போட்டா பட்ஜெட் தாண்டும். தாண்டினா கவுன்சில்ல விழுந்துடும். நான் இது பாஸ் ஆகணும்னு வரைஞ்சேன். அவங்க வாழணும்னு வரையல. புரியுதா?"

புரிந்தது. எங்களைப் போன்றவர்களுக்காகப் போடப்பட்ட எல்லா வரைபடங்களும் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தன.

அண்ணையிடம் போனேன். அவர் தன் வான் வண்டியின் முன் ஆசனத்தில் இருந்து ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் வீடு வீடாகப் போன மனு அது. இந்த இடம் இங்கே வரக்கூடாது என்று எழுதியிருந்தது.

"அண்ணை, பகல் முழுக்கக் கட்டிறியள். பின்னேரம் வேண்டாமெண்டு கையெழுத்து வைக்கிறியள். என்ன விளையாட்டு இது?"

"தொழில் வேறை, வீடு வேறை, தம்பி. உதுகள் வந்து நிண்டால் என்ரை வீட்டை ஒருத்தன் வாங்குவானோ?"

"நாங்கள் வந்து இறங்கேக்கையும் உப்பிடித்தானே அண்ணை சொன்னவங்கள்."

"விசர்க் கதை கதையாதை. நாங்கள் அகதி. உதுகள் ஊர் சுத்திற சனம்."

"அப்ப நான் ஆர் அண்ணை?"

"நீயும் ஒரு ஊர்சுத்திதான். அதுதான் உனக்கு உதுகளிலை பட்சம்!"

சொல்லிவிட்டுப் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஞாயிறு பூசையில் அவர் முதல் வரிசை வாங்கில் முழங்காலில் நிற்பவர். அந்தக் காட்சியை நினைக்க எனக்குக் கோபம் ஏறியது.

அந்தக் கோபத்தில்தான் நான் என் பிழையைச் செய்தேன்.

சனியும் ஞாயிறும் காணியில் ஒருவரும் இல்லை. மிச்சமாகக் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் பைப்பை எடுத்து, மேடைக்குப் பக்கத்தில் குழாய்கள் சேரும் மூட்டில் இணைத்து, எதிர் மூலைவரை ஓடை வெட்டினேன். முழங்கால் ஆழம். எங்கள் ஊரில் தண்ணீர் பைப் அவ்வளவுதான் போகும். அதற்குமேல் வெட்டினால் ஆட்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் வேலி தாண்டி வந்து மறு நுனியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தான். நடுவில் சந்தித்தபோது மண்வெட்டியால் என் மண்வெட்டியில் ஒரு தட்டு. ஞாயிறு பின்னேரம் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. அவள் புதுத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிரப்பி, முதல் கோப்பையை எனக்குத் தந்தாள். தார் பூசிய கைகளோடு புருஷனின் அண்ணன்மார் மூவரும் வரிசையாக நின்று குடித்தார்கள். வண்டி கட்டுகிற பேச்சு அன்றோடு நின்றது.

புதன்கிழமை நகராட்சிப் பரிசோதகர் வந்தார், பொறியியலாளரும் கூட. பரிசோதகர் மூலையில் இருந்த குழாயைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கையில் இருந்த இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கினார். கம்பி சட்டென்று பைப்பில் முட்டி நின்றது.

"இது எத்தனை அடி?"

"ரெண்டு" என்றேன்.

அவர் சிரித்தார். இந்த நாட்டில் குளிர்காலத்தில் நிலம் ஆளளவு ஆழத்துக்கு உறையும் என்றும், அதற்குக் கீழேதான் தண்ணீர் பைப் போகவேண்டும் என்றும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு குளிர்காலத்தைத் தாண்டியவன் நான். காலுக்குக் கீழே நடப்பதை அறிந்திருக்கவில்லை.

"இது அக்டோபரோடை பூட்டிற இடம்தானே? ஜனவரிக் குளிருக்கு ஏன் ஆழம்?" என்று தமிழில் பொறியியலாளரைக் கேட்டேன். "சொல்லுங்கோ சார். நீங்கள் சொன்னால் கேப்பார்."

அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரூல்னா ரூல்தான்பா. யாரைக் கேட்டு நீ தோண்டின?"

வேலிக் கதவில் வேலையை நிறுத்தச் சொல்லும் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. அடுத்த கூட்டத்தில் நகராட்சி, வேலை விதிப்படி நடக்கவில்லை, மக்களின் மனுவும் வந்திருக்கிறது, ஆகவே இந்த வருடம் கைவிடுகிறோம் என்று முடிவெடுத்தது. திருத்தி ஆழமாகப் போட இரண்டு நாள் போதும். நான் சும்மாவே வெட்டித் தருகிறேன் என்று அண்ணையைச் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தினார். கைவிடுவதற்கு அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. நான் அதை என் கையால் வெட்டிக் கொடுத்திருந்தேன். இந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கே உரியது. ஆனால் ஒரு பங்குதான்.

தொழிற்சாலை முற்றத்தை விட மூன்று நாள் தவணை. இரண்டாம் நாளே வண்டிகளைக் கட்டிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போடாமல், தனித்தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லாயிருந்தது" என்றாள். அவ்வளவுதான்.

நான் என் நிலக்கீழ் அறை விலாசத்தை ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு இதைச் சொல்லு, கடிதம் வந்தால் அறிவிக்கிறேன் என்றேன். அவள் புருஷன் ஒன்டாரியோ எல்லையில் ஒரு பெற்றோல் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தான். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அங்கே நிற்பார்களாம்.

அந்த மாதக் கடைசியில் நான் டொரொண்டோவுக்குப் போவதாக இருந்தேன். பை கட்டியாயிற்று. கடிதம் வரட்டும் என்று மறுபடி அவிழ்த்தேன். பழைய உணவகத்திலேயே கோப்பை கழுவப் போனேன். அந்த வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு ஒரே தபால்பெட்டி. தங்களுடையது இல்லாததைக் குப்பையில் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் படியில் போய்க் குந்தியிருப்பேன். ஏழு கிழமை அப்படிப் போனது. என்னைக் கடக்கும்போதெல்லாம் கிரேக்கக்காரர், காதலியா என்று கேட்டுச் சிரிப்பார். வாழ்க்கையில் ஒரு விலாசத்தைக் காத்துக்கொண்டிருந்தது அந்த ஏழு கிழமைதான்.

எட்டாம் கிழமை கடிதம் வந்தது. பிரெஞ்சில் இருந்தது. நாளையும் நேரத்தையும் மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது, அது போதும். வெள்ளிக்கிழமை தொலைபேசினேன். யாரோ எடுத்தார், பிறகு அவள்.

சிகிச்சைக்கு முதல்நாள் தார் வாளிகள் கிடந்த பழைய வண்டியில் வந்தார்கள். வண்டிவீட்டை நகரத்துக்குள் கொண்டுவர முடியாது. நிறுத்த இடம் இல்லை. கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்து மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்தாள். வெய்யில் அகோரம். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் வாங்கவில்லை. கதவு வழியாக என் அறையை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

நான் சொன்னேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. பிறகு வண்டியிலிருந்து போத்தலை எடுத்து, தன்னுடைய கோப்பையில் ஊற்றி எனக்கு நீட்டினாள். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். என் கிளாஸில் இருந்த தண்ணீரைப் படியோரம் ஊற்றினேன்.

அடுத்த நாள் காலைச் சிகிச்சை நடந்தது. எலும்பு நேராகிவிட்டது என்று அந்த வெள்ளிக்கிழமை பெற்றோல் நிலையத்திலிருந்து அவள் சொன்னாள். ஐந்து வண்டிகளும் எங்கே நிற்கின்றன என்று கேட்டேன். இன்று காலை ஓரிடத்தில் கிளப்பினார்கள், நாளைக்கு எங்கே என்று தெரியாது என்றாள்.

நான் டொரொண்டோவுக்குப் பையைக் கட்டினேன்.