மாமாவின் பெயர் ஒட்டிய குப்பி

வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடியே எனக்கு வேலை. மரபணுவில் எழுத்து மாறிய இடங்களைக் கணினி ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொட்டும். எது நோய் தரும், எது சும்மா கிடக்கும், எது இன்னும் தெரியாது என்று நான் தரம் பிரிப்பேன். யார் யாருடைய குழந்தைக்கோ பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் அக்கா மகளின் கோப்பைத் திறந்தேன். மூன்று வயதாகியும் அவளுக்கு முதுகு நிற்கவில்லை.

ஒரே மரபணுவில் இரண்டு பிழைகள் கிடைத்தன. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய். ஒன்று அக்காவிடம் இருந்தது. மற்றதைத் தேட, அக்கா புருஷனான மாமாவின் ரத்தம் கேட்டேன். அவர் பெயர் ஒட்டி வந்த குப்பியில் அது இல்லை. அப்படியென்றால் அது குழந்தையிடம் புதிதாக முளைத்த பிழை, அடுத்த குழந்தைக்கு வருவது அரிது. "பயப்படாதக்கா, இன்னொண்ணு பெத்துக்கோ" என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அக்காவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில் பந்தி. மாமாவின் தம்பி எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே பெருமையாகக் கேட்டார்.

"என் ரத்தத்துல ஒரு கொறையும் இல்லனு நீங்கதானே சொன்னீங்க?"

"உங்க ரத்தமா?"

"அண்ணன் அப்ப பொண்ணுக்காக சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாருங்க. விரதத்துல ஊசி குத்தக் கூடாதுனு அம்மா சொல்லிட்டாங்க. அண்ணன் தம்பிக்கு எல்லாம் ஒண்ணுதானேனு நான் போய்க் குடுத்துட்டேன்."

அவரை என்ன சொல்ல? என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். முழுச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், இது அப்பாவின் ரத்தம் இல்லை என்று கணினியே காட்டிக்கொடுத்திருக்கும். அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று அவசரப்பட்டது நான்.

மறுநாளே மாமாவைக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தேன். முடிவு வரப் பல நாளானது. கோயில் பக்கமே போகாதவள், அண்ணாமலையாரே, அவரிடம் அது இருக்கக் கூடாது என்று வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

இருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. இனிச் சோதித்துத் தெரிந்துகொண்டாலும் கலைக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மகளைத் தோளில் சாய்த்து வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவ ஒருத்தி போதும்னு நான் அன்னிக்கே சொன்னேன். நீ சொன்னியேனுதான் இதைச் சுமக்கறேன்" என்றாள்.